குளிருக்கு யாழைச் சூடேற்றியவர்கள்

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டால், வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? சங்கப் புலவர் நக்கீரர் நெடுநல்வாடை என்ற பாட்டில் எழுதிவைத்திருக்கிறார். மொத்தம் 188 அடிதான். பத்துப்பாட்டில் ஒன்று.

வானம் மூடிக்கிடக்கிறது, பொழுது போனதே தெரியவில்லை. பூக்கூடையில் இருந்த பிச்சி மொட்டு மலர்ந்து மணக்கிறது. ஓகோ, அந்தி வந்துவிட்டது என்று பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். கடிகாரம் இல்லாத வீட்டில் பூவே மணி சொல்கிறது. மாடப்புறாவுக்கு அந்த வசதியும் இல்லை. இரவா பகலா என்று புரியாமல் திகைத்து நிற்கிறது.

கோடையில் வீசிய விசிறியைச் சுருக்கி மாட்டிவிட்டார்கள். அதில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. சந்தனம் அரைக்கும் கல்லுக்கு ஓய்வு. மாடியில் தென்றலுக்கென்று வைத்த சாளரம் தாழ் போட்டுக் கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீரை யாரும் தொடுவதில்லை. அகன்ற வாயுள்ள தடாவில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது யாழ் சங்கதிதான். ஈரக் குளிரில் நரம்பு நிலை மாறி, சுருதி பிசகிவிடுகிறது. அதற்காகப் பாட்டை நிறுத்தவில்லை. ஆடல் மகளிர் சிறிய யாழை மார்போடு அணைத்து, உடம்புச் சூட்டில் நரம்பைப் பதப்படுத்திப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள்.

மார்கழிக் கச்சேரியில் வித்வான் நடுவில் நிறுத்திச் சுருதி சேர்த்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அரங்கின் ஏசிக் குளிர் வாத்தியத்தையும் விடுவதில்லை!