விரைவுச் செவிலியர் பட்டமும் அதன் அங்கீகாரமும்

(விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் மரபில் வந்தவர்களுக்குச் செவிலியர் பணியின் உயர்வை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அப்பணிக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேச விழைகிறேன். இங்கிருந்து அமெரிக்கா சென்று வாழும் பெண்களுள் பலர் பொறியியலோ, வேதியியலோ, வணிகவியலோ பயின்று பட்டம் பெற்றவர்கள். சில ஆண்டுகள் இல்லப் பொறுப்பில் இருந்தபின் மீண்டும் ஒரு தொழிலை நாடும்போது, ‘பதினைந்தே மாதங்களில் செவிலியர் பட்டம்’ என்னும் விளம்பரம் அவர்கள் கண்ணில் படுகிறது. சேரலாமா என்று ஊரிலுள்ள பெற்றோரைக் கேட்கின்றனர். பெற்றோரும் தம் சேமிப்பிலிருந்து உதவ அணியமாகவே உள்ளனர். ஆனால் எதைப் பார்த்து நல்ல கல்லூரி என்று அறிவது என்பதுதான் அவர்களுக்கு விளங்குவதில்லை. அதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வேறு துறையில் ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கென அமைந்ததே விரைவுச் செவிலியர் பட்டப்படிப்பு. அமெரிக்காவில் செயிண்ட் லூயி பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே இதனைத் தொடங்கியது. வழக்கமான செவிலியர் இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். இதுவோ பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களில் நிறைவுறும். முதற்பட்டத்தில் படித்த பொதுப் பாடங்களை மீண்டும் படிக்க வேண்டாம் என்பதே காலம் குறைவதற்குக் காரணம். செவிலியப் பாடமோ மருத்துவமனைப் பயிற்சி நேரமோ குறைக்கப்படுவதில்லை. நான்காண்டு மாணவர் பெறும் பயிற்சியையே விடுமுறையின்றி நெருக்கிப் பெற வேண்டும். ஆகவே ‘குறுகிய காலம்’ என்பதை ‘எளிய படிப்பு’ என்று பொருள் கொள்ளலாகாது.

இனி அங்கீகாரத்திற்கு வருவோம். அங்கீகாரம் என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பது அங்கே மூன்று வேறு பொருள்களாகப் பிரிந்து நிற்கிறது. இம்மூன்றையும் தனித்தனியே வினவ வேண்டும்.

முதலாவது, மாநிலச் செவிலியர் வாரியத்தின் ஒப்புதல். அமெரிக்காவில் செவிலியர் உரிமம் வழங்குவது ஒவ்வொரு மாநிலத்தின் வாரியமே. வாரியம் ஏற்ற கல்லூரியில் பயின்றவரே ‘என்கிளெக்ஸ்’ என்னும் உரிமத் தேர்வை எழுத முடியும். இவ்வொப்புதல் இல்லாத இடத்தில் பெறும் பட்டம் வெறுந்தாளே.

இரண்டாவது, கல்லூரி முழுமைக்கும் உரிய நிறுவன அங்கீகாரம். அந்நாட்டுக் கல்வித்துறை ஏற்றுக்கொண்ட அமைப்பொன்று இதனை வழங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் நடுவண் அரசின் கல்விக் கடனுக்கு அக்கல்லூரியின் மாணவர் தகுதி பெறுவர். பிற பல்கலைக்கழகங்களும் அங்கே பெற்ற மதிப்பெண்களை ஏற்கும்.

மூன்றாவது, செவிலியர் படிப்புக்கென்றே வழங்கப்படும் தனி அங்கீகாரம். இதனை வழங்குவோர் மூவர்: சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., என்.எல்.என். சி.என்.இ.ஏ. முதலாவது இளநிலைப் பட்டத்தையும் அதற்கு மேற்பட்டவற்றையும் மட்டும் ஆராய்வது. மற்ற இரண்டும் ஈராண்டுப் படிப்பு உள்ளிட்ட பிற நிலைகளையும் ஆராய்பவை. இவற்றுள் எது உயர்ந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. ஏதேனும் ஒன்று நடப்பில் உள்ளதா என்பதே கேள்வி.

வாரியத்தின் ஒப்புதல் இருந்து, மூன்றாவது அங்கீகாரம் இல்லாத கல்லூரிகளும் உண்டு. அவற்றில் பயின்றோரும் பல மாநிலங்களில் தேர்வெழுதலாம், உரிமமும் பெறலாம். அப்படியாயின் குறை என்ன என்று கேட்பீர்கள். குறை பின்னரே வெளிப்படும். முதுநிலைச் செவிலியர் படிப்புகள் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளும் செவிலியரை அமர்த்தும்போது அவ்வாறே எதிர்பார்க்கின்றன. இன்று திறக்கும் கதவை மட்டும் பார்த்து நுழைந்தவர், ஐந்தாண்டு கழித்து அடுத்த கதவு பூட்டியிருப்பதைக் காண நேரிடும்.

அங்கீகாரத்திற்குக் காலவரையறை உண்டு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சி.சி.என்.இ. புதிய படிப்புக்கு மிகுதியாக 5 ஆண்டுகளும், பின்னர் 10 ஆண்டுகள் வரையிலும் வழங்குகிறது. ‘விண்ணப்பித்துள்ளோம்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்பன அங்கீகாரம் ஆகா. மகள் பட்டம் பெறும் நாளில் அது நடப்பில் இருக்குமா என்று பாருங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பாமல், அங்கீகார அமைப்பும் மாநில வாரியமும் தாமே வெளியிடும் பட்டியல்களில் பெயரைத் தேடுங்கள். படிக்கும் வளாகமும் படிப்பின் பெயரும் அங்கே உள்ளனவா என்றும் காணுங்கள். ஒரு வளாகத்திற்குரிய ஒப்புதல் மற்றொரு மாநிலத்து வளாகத்திற்குத் தானே பொருந்திவிடாது.

இவ்வளவு ஐயம் தேவையா என்று சிலர் எண்ணலாம். 2023 சனவரியில் அமெரிக்க நடுவண் அரசு ஒரு வழக்கை வெளிப்படுத்தியது. புளோரிடா மாநிலத்தில் இருந்த மூன்று செவிலியர் கல்லூரிகளின் பெயரால் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டங்கள் விற்கப்பட்டிருந்தன என்பது குற்றச்சாட்டு. வாங்கியோருள் ஏறத்தாழ 2,400 பேர் உரிமத் தேர்விலும் தேறிவிட்டனர். தேர்வில் தேறினால் போதாதா என்பதற்கு இதுவே விடை. ஏட்டறிவைத் தேர்வு அளக்கும். நோயாளியின் படுக்கையருகே நின்று பெற வேண்டிய பயிற்சியை அதனால் அளக்க இயலாது. அங்கீகாரம் என்பது பட்டதாரிக்குப் பாதுகாப்பாக இருப்பதைவிட நோயாளிக்கே பெரிதும் பாதுகாப்பு.

எனினும் அங்கீகாரம் குறைந்தபட்சத் தகுதியையே காட்டும். அங்கீகாரம் உள்ள பத்துக் கல்லூரிகளுள் எதைத் தெரிவு செய்வது? மூன்று கணக்குகளைக் கேளுங்கள். முதல் முயற்சியிலேயே உரிமத் தேர்வில் தேறியோர் விழுக்காடு. சேர்ந்தோருள் உரிய காலத்தில் முடித்தோர் எத்தனை பேர். மருத்துவமனைப் பயிற்சியிடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா என்பன அவை. முதலிரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 60 பேர் சேர்ந்து, 20 பேர் இடையில் விலகி, 40 பேர் தேர்வெழுதி, 38 பேர் தேறினர் என்று கொள்வோம். தேர்ச்சி 95 விழுக்காடு என்று விளம்பரம் சொல்லும், அது பொய்யன்று. ஆனால் சேர்ந்தவர்களுள் செவிலியரானோர் 63 விழுக்காட்டினரே. விலகிய இருபதின்மரின் கட்டணம் விளம்பரத்தில் இடம்பெறாது.

செலவையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். படிப்பின் வேகத்தால் உடன் வேலை பார்ப்பது மிக அரிது. பல கல்லூரிகள் வேண்டாமென்றே அறிவுறுத்துகின்றன. முன்னரே ஒரு பட்டம் பெற்றவர்க்கு ‘பெல்’ என்னும் நடுவண் அரசின் உதவித்தொகை கிடைப்பதில்லை. உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் முதலிய முன்தேவைப் பாடங்களை முடித்த பின்னரே பலருக்கு இடம் கிடைக்கும். எனவே ‘பதினைந்து மாதம்’ என்பது பலருக்கு ஈராண்டை எட்டும். இந்தியப் பட்டத்தைத் தகுதி மதிப்பீடு செய்வித்துப் பெறும் அறிக்கையும் வேண்டும்.

நம் பெண்களுக்கு மற்றுமொரு செய்தி உண்டு. எச்-4 விசாவில் இருப்போர் படிக்கலாம். ஆனால் சம்பளத்திற்கு வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். உரிமத்திற்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும் மாநிலங்களும் உண்டு. பட்டம் பெற்றும் பணியில் சேர இயலாமல் காத்திருக்கும் நிலை வாராதிருக்க, கட்டணம் செலுத்தும் முன்னரே குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரையும் மாநில வாரியத்தையும் கேட்டறிவது நலம். கணவரின் பணி வேறு மாநிலத்திற்கு மாறக்கூடும் என்றால், பல மாநிலங்களில் செல்லும் கூட்டு உரிமத்தைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் அவ்வுடன்படிக்கையில் உள்ளன. கலிபோர்னியா அதில் இல்லை.

தாயகத்தில் இதற்கு நிகரான குறுக்குவழி இல்லை. இங்கே பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். ஈராண்டு ‘போஸ்ட் பேசிக்’ படிப்பு ஏற்கெனவே செவிலியர் பட்டயம் பெற்றவர்க்கே உரியது. ஆகவே பின்னாளில் ஊர் திரும்பிப் பணியாற்றும் எண்ணமுடையோர், அயல்நாட்டுப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்பதை முதலிலேயே எழுத்து மூலம் கேட்டுத் தெளிய வேண்டும்.

விரைவுப் படிப்பே ஒரே வழி என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டுச் செவிலியர் படிப்பு உண்டு. அதனை முடித்தவரும் அதே உரிமத் தேர்வையே எழுதுகின்றனர். பின்னர்ப் பணியாற்றிக்கொண்டே இளநிலைப் பட்டத்தை நிறைவு செய்யலாம். கட்டணமும் பொதுவாகக் குறைவு. கைக்குழந்தை உள்ள வீட்டிற்கு இந்த மெதுவான வழியே பொருத்தமாக இருக்கக்கூடும்.

பெற்றோர்களே! மகள் தொலைபேசியில் கேட்கும்போது, ‘கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம்’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘வாரியத்தின் பட்டியலில் பார்த்தாயா? அங்கீகாரம் எந்த ஆண்டு வரை உள்ளது? சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் முடித்தார்கள்? நீ படிக்கும் மாதங்களில் குழந்தையை யார் பார்ப்பார்கள்?’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை நீங்களே ஆகலாம். ஆறு மாதம் அங்கே சென்று தங்கியிருக்கும் பாட்டியின் உதவி, நீங்கள் அனுப்பும் பணத்தைவிடப் பெரிதாக அமையலாம். ஆராய்ந்து தெரிந்தபின் தயங்காமல் துணை நில்லுங்கள். முப்பத்தைந்து வயதில் மீண்டும் மாணவியாவதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவுக்குரிய மதிப்பை முதலில் அளிக்க வேண்டியது பிறந்த வீடே.