100 எம்பிபிஎஸ் எங்க போகுது? கிராமத்து வீட்டு இன்டர்நெட்டைச் சோதிப்பது எப்படி

இந்த எபிசோடில் வீட்டு இன்டர்நெட் பத்திப் பேசலாம். அதுலயும் டவுனைத் தாண்டி, கிராமத்துப் பக்கம் இருக்கிறவங்களுக்காக. "100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கோம், 10 கூட வரலை"ங்கிற புலம்பலை வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கலாம். அதுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ரெண்டுதான். கேபிள்காரர், "ரௌட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரர், "கம்பெனியை மாத்திடுங்க" என்பார். இந்த ரெண்டுக்கும் நடுவுல நாமளே பார்க்க வேண்டியது நிறைய இருக்கு.

ஒரு வீட்டை வச்சே சொல்றேன். என் சித்தப்பா மகள் வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கா. கணவருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை, 3 வயசுல ஒரு பையன். இவளுக்குச் சென்னையில் இருக்கிற ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில், வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்க நேரம் என்பதால் சாயங்காலம் 6 மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி 3 மணி ஆகிவிடும். ஆடி பிறந்ததிலிருந்து லைன் விட்டு விட்டு வருது. மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: ரெண்டு வாரத்துக்குள் சரி பண்ணணும், இல்லைன்னா சென்னை ஆபீசுக்கு வந்து உட்காரணும். சின்னப் பையனை விட்டுட்டு அவ எங்க சென்னைக்குப் போறது? "அண்ணே, ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்க"ன்னு போன் பண்ணினா. போனேன்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கணும். பிளானில் எழுதியிருக்கிற எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். நம்ம கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை இறக்கும்போது காட்டுறது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். அதனால 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12 மெகாபைட் சொச்சம் இறங்கினால் லைன் சரியாகத்தான் இருக்குன்னு அர்த்தம். "12தான் வருது"ன்னு சண்டைக்குப் போனவங்களை நான் பார்த்திருக்கேன்.

அடுத்தது, வைஃபையில் ஸ்பீடு டெஸ்ட் பண்ணிட்டு லைனைக் குறை சொல்லக் கூடாது. லேன் வயரை நேரா லேப்டாப்பில் சொருகி, மத்த போன், டிவி எல்லாத்தையும் வைஃபையிலிருந்து கழட்டிவிட்டுச் சோதிக்கணும். இப்போ வர்ற லேப்டாப்புகள் பலதில் லேன் ஓட்டையே கிடையாது. யூஎஸ்பியில் மாட்டுற அடாப்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. வயரையும் கொஞ்சம் கவனிங்க. வயருக்குள்ள 4 ஜோடிக் கம்பி இருக்கும். அதுல ஒரு ஜோடி அறுந்திருந்தாலும் 200 எம்பிபிஎஸ் பிளான் வெறும் 94 காட்டும். பழைய ரௌட்டர்கள் சிலவற்றில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 94, 95ன்னு ஒரே இடத்துல ஸ்பீடு முட்டிக்கிட்டு நின்றால் குற்றவாளி வயரோ போர்ட்டோதான், கம்பெனி இல்லை.

தங்கச்சி வீட்டில் மதியம் 2 மணிக்கு வயரில் 92 வந்தது. அவ வேலை பார்க்கிற பின்னறையில் வைஃபையில் 14. காரணம் கண் முன்னாடியே இருந்தது. ரௌட்டர் ஹாலில் டிவிக்கு மேல ஆணியில் தொங்குது. டிவி கேபிள் வந்த ஓட்டை வழியாகவே இன்டர்நெட் ஒயரையும் இழுத்துவிடுவது நம்ம ஊர் வழக்கம். அங்கிருந்து பின்னறைக்கு நடுவுல ரெண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. இரும்பை வைஃபை தாண்டாது, திருப்பி அடிச்சிடும். தகரக் கூரையும் அப்படித்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனா சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. நாகல் நகர், ஆர்.எம். காலனி மாதிரி வீடுகள் நெருக்கமான இடத்துல 2.4ல் ஒருத்தர் வைஃபை இன்னொருத்தர் மேல ஏறி மிதிக்கும். அங்க சேனலை 1, 6, 11ல் கூட்டம் குறைவானதா பார்த்து மாத்தணும். கிராமத்துல அந்தத் தொல்லை குறைவு. 15 மீட்டர் லேன் வயர் வாங்கி, கதவுச் சட்டம் ஓரமா இழுத்து, அவ மேஜைக்கே கொண்டுபோய் விட்டேன். வீட்டு வேலைக்கு வயரை மிஞ்சினது எதுவும் இல்லை என்பது என் கட்சி. பூஸ்டர், ரிப்பீட்டர்னு விக்கிறதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

ஆனா இதுல பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. லைன் அறுந்து அறுந்து வர்றதுக்கு பீரோ காரணம் இல்லையே.

இங்கதான் பிங் உதவும். ரெண்டு திரையைத் திறந்து, ஒண்ணுல ரௌட்டருக்கு, அதாவது பெரும்பாலும் 192.168.1.1, இன்னொண்ணுல வெளியே 8.8.8.8க்கு, நிறுத்தாம பிங் ஓட விட்டேன். ரௌட்டருக்குப் போறது தடங்கலாச்சுன்னா வீட்டுக்குள்ள கோளாறு. ரௌட்டர் வரைக்கும் 1 மில்லிசெகண்டில் சுத்தமா போய், வெளியே போறது மட்டும் காணாமப் போச்சுன்னா கோளாறு வெளியே. மணி 4 ஆச்சு, காத்து கிளம்பிச்சு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நம்ம சமவெளியில் எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரௌட்டர் பிங் அசையவே இல்லை. வெளிப் பிங் 10க்கு ஒண்ணு, ரெண்டு விழ ஆரம்பிச்சது. ஸ்பீடு டெஸ்ட் 92லிருந்து 6க்கு வந்தது.

பத்துக்கு ஒண்ணு போனா வேகமும் பத்துல ஒரு பங்குதானே குறையணும்னு தோணும். அப்படி இல்லை. அனுப்பின பாக்கெட் வந்து சேரலைன்னு தெரிஞ்சதும் அனுப்புற கம்ப்யூட்டர் "ரோட்டில் கூட்டம்"னு நினைச்சுத் தன் வேகத்தைச் சட்டுன்னு குறைச்சிடும். கொஞ்சம் பாக்கெட் தொலைஞ்சாலே வேகம் படுத்துடும். ஆபீஸ் விபிஎன் அறுந்தே போயிடும்.

இப்ப ஃபைபருக்குள்ள வரும் வெளிச்சத்தைப் பார்க்கணும். ஆபரேட்டர் இடத்திலிருந்து வரும் ஒரே கண்ணாடி இழையின் வெளிச்சத்தை ஸ்பிளிட்டர் என்கிற சின்னப் பெட்டி 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்குது. நம்ம வீட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேருதுன்னு வீட்டில் இருக்கிற ஃபைபர் மோடமே சொல்லும். அதன் செட்டிங் பக்கத்துல ஆர்எக்ஸ் பவர் அல்லது ஆப்டிக்கல் பவர்னு இருக்கும். மைனஸில் ஒரு எண், பக்கத்துல டிபிஎம். மைனஸ் 20 என்றால் நல்ல வெளிச்சம். மைனஸ் 25 வரைக்கும் ஓடும். மைனஸ் 27ஐத் தாண்டினால் வழக்கமான மோடத்துக்கு எல்லைக்கோடு. ஒவ்வொரு 3 குறையும்போதும் வெளிச்சம் பாதியாகுது. தங்கச்சி வீட்டில் மதியம் மைனஸ் 24. காத்து அடிக்கும்போது மைனஸ் 28, சில நேரம் 29. சிவப்பு விளக்கு மினுக்குன்னு எரிஞ்சு அணைஞ்சது.

வெளியே போய்ப் பார்த்தேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வர்ற ஒயரை நடுவுல ஒரு வேப்பமரக் கிளையில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு. கிளை ஆடும்போதெல்லாம் கம்பி ஒயரை நெரிக்குது. உள்ளே இருப்பது கண்ணாடி. கூர்மையா வளைஞ்சா வெளிச்சம் வெளியே கசிஞ்சிடும். நெரிப்பு விட்டதும் திரும்ப வந்துடும். அதனாலதான் காலையில் வந்து பார்க்கிற ஆளுக்கு எல்லாம் சரியாவே இருக்கு. ராத்திரி அவ மட்டும் அழுதுக்கிட்டு இருக்கா.

இந்த எண் கையில் இருந்தால் பேச்சே வேற மாதிரி ஆகும். "நெட் ஸ்லோவா இருக்குண்ணே" என்றால் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வாங்க. "காத்தடிச்சா ஆர்எக்ஸ் மைனஸ் 28 ஆகுதுண்ணே, மரத்துல கட்டின இடத்துல நெரியுது"ன்னு போட்டோவோட அனுப்பினதும் மறுநாளே ஆள் வந்தார். பாவம், சுத்துவட்டாரத்துல நாலு ஊருக்கு அவர் ஒருத்தர்தான். புது ஒயர் இழுத்து, மரத்தை விட்டுட்டு மொட்டை மாடிக் குழாயில் கிளாம்ப் போட்டு, தளர்வா ஒரு சுத்து விட்டு இறக்கினார். மீட்டரில் மைனஸ் 21. அன்னைக்கும் காத்து அடிச்சது, எண் அசையலை.

மிச்சம் இருந்தது ராத்திரி 9 மணி. வயரில் பார்த்தாலும், வெளிச்சம் நல்லா இருந்தாலும், 9லிருந்து 11 வரை 30, 35தான் வந்தது. அதிகாலையில் 92. இது ஊரே ஒரே நேரத்துல படம் பார்க்கிற நெரிசல். ஜிபான் முறையில் ஒரு இழைக்கு இறங்குவேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். சின்ன ஆபரேட்டர்கள் அதிகம் வச்சிருக்கிற ஈபானில் சுமார் 1. அதை எல்லா வீடும் பங்கு போடணும். அதுக்கும் மேல, அந்த ஊருக்கே வெளியிலிருந்து ஆபரேட்டர் எவ்வளவு வாங்கி வச்சிருக்கார் என்பதுதான் பெரும்பாலும் கழுத்தை நெரிக்கிற இடம். வீட்டுக்குள்ள எந்த ரௌட்டரை மாத்தினாலும் இது மாறாது. இங்கதான் கம்பெனியை மாத்தலாமான்னு யோசிக்கணும், அதுக்கு முன்னாடி இல்லை. மாத்துறதுக்கு முன்னாடி பக்கத்துத் தெருவில் அந்தக் கம்பெனி லைன் வச்சிருக்கிற வீட்டில் ராத்திரி 9 மணிக்கு ஒரு டெஸ்ட் போட்டுப் பாருங்க. இரண்டு பேர் போர்டும் ஒரே ஆபரேட்டர் கடையில் தொங்கிட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அரசாங்க ஃபைபர் வந்தா தீர்ந்துடாதான்னு கேட்கிறாங்க. 2011இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம்தான் பின்னாடி பாரத்நெட்னு பெயர் மாறிச்சு. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்கிற அரசு நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இணைக்கிற வேலையைச் செய்யுது. நல்ல திட்டம்தான். ஆனா அதன் அடிப்படை இலக்கு ஊராட்சி வரைக்கும் ஃபைபர் கொண்டுபோறது. அங்கிருந்து உங்க வீட்டு வாசல் வரை வர்ற கடைசி 300 மீட்டரில்தான் நம்ம வேப்பமரம் நிக்குது.

புகார் பண்றதா இருந்தா எழுத்தில் பண்ணுங்க. கம்பெனியின் கஸ்டமர் கேரில் சொல்லி டாக்கெட் நம்பர் வாங்கணும். தீரலைன்னா அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட கட்டணம் இல்லாம போகலாம், அவங்க 39 நாளுக்குள் முடிக்கணும். டிராய் தனி ஆள் புகாரை விசாரிக்காது, அங்க எழுதி நாளைக் கடத்தாதீங்க. "இதெல்லாம் பிராட்பேண்டா"ன்னு கேட்கிற வாதமும் எடுபடாது. 2004இல் 256 கேபிபிஎஸ், 2013இல் 512, 2023இலிருந்து 2 எம்பிபிஎஸ், அவ்வளவுதான் சட்டப்படி குறைந்தபட்சம். நீங்க காசு கட்டின பிளானில் என்ன வேகம் எழுதியிருக்கு, வயரில் எந்த நாள் எந்த நேரம் எவ்வளவு வந்தது, இந்தக் கணக்கோட போங்க. ஒரு நோட்டில் காலை 6, மதியம் 3, ராத்திரி 9ன்னு ஒரு வாரம் எழுதினால் போதும்.

தங்கச்சி வேலைக்கு 10 எம்பிபிஎஸ் அறாம வந்தால் போதும் என்பதால் ராத்திரி 30ஐ வச்சே ஓட்டுறா. மின்வெட்டுக்கு மோடத்துக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போட்டாச்சு. லைன் முழுசா படுத்தால் போன் ஹாட்ஸ்பாட், அதுக்காக வேற கம்பெனி சிம் ஒண்ணு. மேனேஜர் கொடுத்த ரெண்டு வாரம் முடிஞ்சப்போ டிஸ்கனெக்ஷன் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி இருந்ததாம். அது பையன் பிளக்கைப் பிடுங்கினது.

உங்க வீட்டு ஆர்எக்ஸ் பவர் எவ்வளவுன்னு பார்த்து எழுதி அனுப்புங்க, ஊர்ப் பெயரோட. அடுத்த எபிசோடில் வைஃபை மெஷ் வாங்கலாமான்னு பார்க்கலாம்.