பெண்களின் கிறிஸ்துமஸும் முட்டைக் காசும்

(ஜனவரி மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். நம்ம குழுக்களில் இருக்கிற கிறிஸ்தவ சகோதரிகளுக்கு நல்லாத் தெரியும். மத்தவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்றேன். இயேசு பிறந்த பிறகு கிழக்கிலிருந்து ஞானிகள் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து வந்து, குழந்தைக்குப் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் மூணும் காணிக்கையா வைத்து வணங்கினார்கள் என்று பைபிளில் மத்தேயு எழுதியிருக்கிறார். எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் இல்லை. காணிக்கை மூணு என்பதால் ஆளும் மூணு என்று ஆகிப்போச்சு. பல நாடுகளில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் இந்த நாளோடு முடிகிறது. குடிலைப் பிரித்து, தோரணங்களை இறக்கிவிடுவார்கள்.

இந்த நாளை அயர்லாந்து நாட்டுப் பெண்கள் எப்படிக் கொண்டாடுறாங்க என்பதைச் சொல்லத்தான் எழுந்தேன். அயர்லாந்து இங்கிலாந்துக்குப் பக்கத்தில் கடல் சூழ்ந்த நாடு. அங்கே தெற்கிலும் மேற்கிலும், முக்கியமா கார்க், கெர்ரி என்கிற பகுதிகளில், ஜனவரி 6-க்கு ஐரிஷ் மொழியில் ‘நொல்லிக் நா மான்’ என்று பேர். பெண்களின் கிறிஸ்துமஸ் என்று அர்த்தம். அன்னைக்கு அடுப்பு, பாத்திரம், பிள்ளைகள் எல்லாம் ஆண்கள் பொறுப்பு. பெண்கள் அக்கா தங்கை வீட்டுக்கும் சிநேகிதி வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். டிசம்பர் 25 விருந்தில் மாட்டிறைச்சியும் விஸ்கியும் என்றால், இந்தச் சின்ன கிறிஸ்துமஸில் டீயும் உலர்திராட்சை போட்ட கேக்கும்.

ஏன் இப்படி ஒரு நாள் வந்தது? பண்டிகை என்றால் ஊருக்கே லீவு, வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் இரட்டை வேலை. இது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொங்கல் வருது, யார் யார் வீட்டுக்கு வெள்ளையடித்து முடிச்சாச்சு? (சிரிப்பு) அவங்களுக்குப் பன்னிரண்டு நாள் சமையல், விருந்தாளி, கழுவல். கடைசி நாளிலாவது உட்காரட்டும் என்று வந்த வழக்கம்.

இத்தாலியில் இதே நாளுக்கு ஒரு கிழவி கதை சொல்வார்கள். பேர் பெஃபானா. ஞானிகள் வழி கேட்டு அவள் வீட்டில் நின்றார்களாம். ‘நீயும் வாம்மா, குழந்தையைப் பார்க்கலாம்’ என்றார்களாம். ‘வீட்டு வேலை கிடக்கு, வரலை’ என்று சொல்லிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் தேடிப் போனாளாம், கண்டுபிடிக்க முடியலையாம். அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு முந்தின ராத்திரி வீடு வீடாப் போய்ப் பிள்ளைகளுக்குப் பரிசு வைக்கிறாளாம். வேலை கிடக்கு, வரலை என்பது குழுக் கூட்டத்துக்குக் கூப்பிடப் போகும்போது நான் கேட்கிற அதே பதில்!

அயர்லாந்து விஷயத்தில் எனக்குப் பெரிசாப் பட்டது லீவு இல்லை. அந்த நாளுக்கான காசு எங்கிருந்து வந்தது என்பதுதான். அந்தக் காலத்தில் அங்கே கிராமத்து வீடுகளில் மாடும் நிலமும் ஆண் கணக்கு. கோழியும் முட்டையும் பெண் கணக்கு. முட்டை விற்றுத்தான் டீத்தூள், சர்க்கரை வாங்குவாள். கிறிஸ்துமஸுக்கு விற்க வான்கோழி வளர்த்ததும் அவள்தான். அந்தப் பணத்தில் பண்டிகைச் செலவு எல்லாம் போக மிஞ்சுகிற கொஞ்சத்தை ஜனவரி 6-ல் தனக்காகச் செலவு பண்ணுவாள். புருஷன் கொடுத்து அனுப்பிய காசு இல்லை. அவள் கையில் இருந்த காசு. அதனால் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு நாள் அடுப்படிக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீங்க. ஆகாது. மீதி 364 நாளும் யார் செய்தது? அதே நாட்டில் 1973 வரை அரசு வேலையில் இருக்கிற பெண் கல்யாணம் ஆனால் வேலையை விட்டாக வேண்டும் என்று விதி இருந்தது. 1937-ல் எழுதின அரசியல் சட்டத்தில் வீட்டுக் கடமையைப் பெண்ணோடு சேர்த்து ஒரு பிரிவு இருக்கு. அதை மாற்றலாமா என்று 2024 மார்ச்சில் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். மாற்றம் தோற்றுப் போச்சு, பிரிவு அப்படியே இருக்கு. இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு நாளைப் பெண்கள் விடலை. இப்போ நகரங்களிலும் ஜனவரி 6-ல் பெண்கள் கூட்டம் கூட்டமா ஓட்டலுக்குப் போறாங்க. சில இடங்களில் கஷ்டத்தில் இருக்கிற பெண்களுக்காக நிதியும் திரட்டுறாங்க.

நம்ம கூட்டமைப்பிலும் வருஷத்தில் ஒரு நாள் இப்படி வைக்கலாமா என்று சிலர் கேட்டாங்க. வைக்கலாம். பொதுநிதியில் கை வைக்க வேண்டாம், வீட்டுக்காரரிடம் கேட்டும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கோழி வித்த காசு, பால் காசு, பூக் கட்டின காசு, எதுவா இருந்தாலும் சரி, அவங்கவங்க சம்பாதிச்சதில் ஆளுக்கு 50 ரூபாய் கொண்டு வரட்டும். அன்னைக்கு மதியச் சோறு யார் பொங்குறது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிச்சுட்டு வாங்க. தேதி எது என்று ஒவ்வொரு குழுவும் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, பிப்ரவரி கூட்டத்துக்குக் கொண்டு வரணும்.