ஃபோர் வீல் டிரைவ் பயிற்சி: அந்த சர்டிஃபிகேட்டை யார் பார்க்கப் போறாங்க?

(பேச்சு வடிவம், வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பெர்த்ல இருந்து பேசறேன். போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, ஃபோர் வீல் டிரைவ் கோர்ஸ் ஒண்ணு எடுக்கணும். எல்லாரும் 'அக்ரெடிடட்'னு போட்டிருக்காங்க. எதுல சேரலாம்?"

கேட்டவங்கள்ல ரெண்டு வகை இருக்காங்க. ஒருத்தர், மைனிங் கம்பெனியில வேலை கிடைச்சு அடுத்த மாசம் பில்பராவுக்குக் கிளம்பப் போற ஜியாலஜிஸ்ட். இன்னொருத்தர், புதுசா ஒரு ஹைலக்ஸோ பிராடோவோ வாங்கிட்டு, லான்சலின் மணல்மேட்டுல ஓட்டணும்னு ஆசைப்படறவர். ரெண்டு பேரும் கூகுள்ல ஒரே வார்த்தையைத்தான் தேடறாங்க. ஆனா ரெண்டு பேருக்கும் வேண்டியது வேற வேற.

அதனால இன்னிக்கு எந்த கம்பெனி பேரையும் சொல்லப் போறதில்ல. எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு மட்டும் சொல்றேன். முதல் கேள்வி இதுதான்: கோர்ஸ் முடிஞ்சு கையில வர்ற அந்தப் பேப்பரை யார் பார்க்கப் போறாங்க?

ஒரு கம்பெனி பார்க்கப் போகுதுன்னா, பேப்பர்ல என்ன எழுதியிருக்குங்கறது ரொம்ப முக்கியம். யாருமே பார்க்கப் போறதில்ல, நீங்களும் உங்க குடும்பமும் பீச்சுக்குப் போய்ட்டுப் பத்திரமா திரும்பணும், அவ்வளவுதான்னா, அந்த ஒரு நாள்ல உங்களுக்கு என்ன நடக்குதுங்கறதுதான் முக்கியம். சட்டப்படி பீச்ல ஃபோர் வீல் டிரைவ் ஓட்ட சாதாரண கார் லைசென்ஸே போதும். சில இடங்களுக்கு வண்டி பர்மிட் வேணும், அது தனி. கோர்ஸ் சர்டிஃபிகேட் லைசென்ஸும் கிடையாது, பர்மிட்டும் கிடையாது.

முதல்ல பேப்பர் விஷயத்தை முடிச்சிடலாம்.

ஆஸ்திரேலியாவுல "அக்ரெடிடட்"னு பேச்சுவழக்குல சொல்றதுக்கு ஒரு திட்டவட்டமான அர்த்தம் இருக்கு. பயிற்சி தர்ற நிறுவனம் பதிவு பெற்றதா இருக்கணும். அதைத்தான் ஆர்டிஓன்னு சொல்றாங்க. பெரும்பாலான ஆர்டிஓக்களை ஆஸ்க்வாங்கற தேசிய அமைப்பு கண்காணிக்குது. மேற்கு ஆஸ்திரேலியாவுல மட்டும் நடத்தற சிலது டிஏசிங்கற மாநில அமைப்புக்குக் கீழ வரும். அந்த ஆர்டிஓ உங்களுக்குச் சொல்லித்தரப் போற பாடத்துக்கு ஒரு யூனிட் கோடு இருக்கும். சுரங்கத் துறையில நிறைய கேக்கறது ஆர்ஐஐவிஇஹெச் 305. ஃபோர் வீல் டிரைவ் வண்டியை இயக்கிப் பராமரிக்கறதுங்கறதுதான் அதோட தலைப்பு. கடைசியில ஒரு எழுத்து இருக்கும், அது பதிப்பைக் குறிக்குது. காட்டுத் துறைக்கு எஃப்டபிள்யூபின்னு ஆரம்பிக்கற வேற யூனிட் இருக்கு. ரெண்டும் அங்கீகாரம் பெற்றதுதான். ஆனா கம்பெனி முதல் யூனிட்டைக் கேட்டு நீங்க ரெண்டாவதை நீட்டினா, ஏத்துக்கறது அவங்க இஷ்டம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி இருக்கான். ஊர் மதுரைப் பக்கம். முதல் வேலை. ஒரு நாள் கோர்ஸ் போனான், நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. கடைசியில லேமினேட் பண்ண அழகான சர்டிஃபிகேட் ஒண்ணு கொடுத்தாங்க. அதை ஹெச்ஆருக்கு அனுப்பினா, "இது கலந்துகொண்டதற்கான சான்றிதழ். எங்களுக்கு ஸ்டேட்மென்ட் ஆஃப் அட்டெய்ன்மென்ட் வேணும்"னு பதில் வந்துச்சு. மறுபடி பணம் கட்டி, மறுபடி ஒரு நாள் போய், சைட்டுக்குக் கிளம்பறது ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு. பயிற்சி கொடுத்தவங்க பொய் சொல்லல. விளம்பரத்துல "தொழில்முறைப் பயிற்சி"ன்னுதான் போட்டிருந்தாங்க. அதை இவன் அக்ரெடிடட்னு புரிஞ்சுக்கிட்டான்.

அந்த ஸ்டேட்மென்ட் ஆஃப் அட்டெய்ன்மென்ட்ல என்ன இருக்கணும்? ஆர்டிஓ பேரும் அதோட நம்பரும், யூனிட் கோடும் தலைப்பும், தேசிய அங்கீகாரத்துக்கான லோகோவும் இருக்கணும். அதை வாங்க உங்ககிட்ட யுஎஸ்ஐ நம்பர் இருக்கணும். 2015-லிருந்து இது கட்டாயம். இங்க ஏற்கெனவே ஏதாவது டிப்ளமா படிச்சிருந்தா உங்ககிட்ட அந்த நம்பர் இருக்கும், பழைய மெயில்ல தேடிப் பாருங்க. இதை நேர்மறையா ஒரு அடையாளமாவும் வெச்சுக்கலாம். யூனிட் தர்றேன்னு சொல்ற இடம் பதிவு பண்ணும்போது யுஎஸ்ஐயே கேக்கலன்னா, ஏன்னு விசாரிங்க.

சரிபார்க்கறது கஷ்டமே இல்ல. ட்ரெய்னிங் டாட் ஜிஓவி டாட் ஏயு-ங்கறது அரசாங்கத்தோட தேசியப் பதிவேடு. அதுல ஆர்டிஓ நம்பரைப் போட்டா, எந்தெந்த யூனிட் நடத்த அவங்களுக்கு அனுமதி இருக்குன்னு வரும். யூனிட் கோடைப் போட்டா, அது இப்போ நடப்புல இருக்கா, இல்ல புதுப் பதிப்பு வந்து பழசாயிடுச்சான்னு வரும். அஞ்சு நிமிஷ வேலை.

இன்னொரு விஷயம். நீங்க போன் பண்ற பயிற்சியாளர்கிட்ட சொந்தமா ஆர்டிஓ பதிவு இல்லாம இருக்கலாம். வேற ஒரு ஆர்டிஓவோட ஒப்பந்தம் போட்டு, அவங்க பேர்ல நடத்துவார். இது சட்டப்படி சரிதான். ஆனா அதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லணும். "சர்டிஃபிகேட் யார் பேர்ல வரும்? மதிப்பீடு பண்றது யார்?" இந்த ரெண்டையும் கேளுங்க. நேரடியா பதில் வரணும். "அதெல்லாம் வந்துடும் மேட்"னு மழுப்பினா வேற இடம் பாருங்க.

இதுவரைக்கும் சொன்னது காகிதம். இப்ப இதுக்குள்ள இருக்கற உண்மையான விஷயத்துக்கு வர்றேன்.

இந்த முறையில மார்க் கிடையாது. முடிவு ரெண்டே ரெண்டுதான். "தகுதி பெற்றார்", இல்லன்னா "இன்னும் தகுதி பெறவில்லை". அந்த ரெண்டாவது முடிவைச் சொல்ல ஒரு இடத்துக்குத் துணிச்சல் இருக்கான்னு பாருங்க. நான் கேக்கச் சொல்ற கேள்வி: "அன்னிக்கு எனக்கு வரலன்னா என்ன பண்ணுவீங்க?" நல்ல இடத்துல, "எந்தப் பகுதி வரலயோ அதுக்கு இன்னொரு நாள் வரச் சொல்வோம், கட்டணம் இவ்வளவு"ன்னு தெளிவா சொல்வாங்க. "கவலைப்படாதீங்க, எல்லாரும் பாஸ் ஆயிடுவாங்க"ன்னு ஒரு இடத்துல சொன்னா, கேக்க சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா வர்ற எல்லாருக்கும் கிடைக்கிற பேப்பர், உங்களால ஓட்ட முடியுமான்னு உங்களுக்கே சொல்லாது.

இதுல வேலை சம்பந்தப்பட்ட ஆபத்தும் இருக்கு. 2024 கடைசியிலிருந்து ஆஸ்க்வா, ஒழுங்கா பயிற்சியோ மதிப்பீடோ நடத்தாத நிறுவனங்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்து பண்ணிட்டு வருது. அது குழந்தைகள் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு மாதிரி வேற துறைகள். ஆனா பாடம் நமக்கும் ஒண்ணுதான். சீக்கிரமா, சுலபமா கையில வந்த பேப்பர், கையை விட்டுப் போகவும் செய்யும்.

சரி, அந்த நாள்ல என்ன நடக்கணும்?

முதல்ல ஸ்டீயரிங் நேரம். கணக்கு போட்டுப் பாருங்க. எட்டு மணி நேர கோர்ஸ். ரெண்டு மணி நேரம் வகுப்பறை, ஒரு மணி நேரம் சாப்பாடு. மிச்சம் அஞ்சு. ஒரு வண்டிக்கு அஞ்சு பேர்னா, உங்க கையில ஸ்டீயரிங் இருக்கப் போறது ஒரு மணி நேரம். ரெண்டு பேர்னா ரெண்டரை மணி நேரம். கட்டணத்தை ஒப்பிடறதுக்கு முன்னாடி இதை ஒப்பிடுங்க. "ஒரு வண்டிக்கு எத்தனை பேர்?"னு கேட்டா போதும்.

அடுத்தது தரை. மணல், களிமண், பாறை மூணும் மூணு விதம். மென்மையான மணல்ல முதல் பாடமே காத்தை இறக்கறதுதான். ரோட்ல 35, 40 பிஎஸ்ஐ இருக்கற டயரை 20 பக்கத்துல கொண்டு வந்தா, டயர் நீளவாக்குல படிஞ்சு எடையைப் பரப்பிக்கும், வண்டி மணல்ல புதையாம மேல மிதந்து போகும். ரொம்ப இறக்கிட்டு வேகமாத் திருப்பினா டயர் ரிம்மை விட்டுக் கழன்டுடும். திரும்ப தார் ரோடு ஏறும்போது காத்தடிக்காம வேகமாப் போனா டயர் சூடாகி வெடிக்கலாம். இதை யூட்யூப்ல பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். ஆனா எவ்வளவு இறக்கினா உங்க வண்டி எப்படி மாறுதுங்கறது உட்கார்ந்து ஓட்டினாதான் தெரியும். அதனால நீங்க போகப் போற தரையிலயே, முடிஞ்சா உங்க வண்டியிலயே பயிற்சி தர்ற இடத்தைப் பாருங்க. பில்பரா போறவருக்கு லான்சலின் மணல் மட்டும் போதாது. அங்க சரளைக்கல் ரோட்டுல வேகமும் தூசியும்தான் பிரச்சினை.

சொந்த வண்டியை எடுத்துட்டுப் போனா இன்ஷூரன்ஸ் பாலிசியை முன்னாடியே படிங்க. ஆஃப் ரோடுக்கும், பயிற்சி நாளுக்கும் கவர் இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

மூணாவது, என்னைக் கேட்டா இதுதான் முதல்ல பார்க்க வேண்டியது: மாட்டிக்கிட்ட வண்டியை வெளியில எடுக்கறது. ரெகவரின்னு சொல்வாங்க. ஆஃப் ரோடுல மாட்டிக்கறது அவமானம் இல்ல, எல்லாரும் மாட்டுவோம். ஆனா வெளிய எடுக்கும்போது அவசரப்பட்டா உயிரே போகலாம். ஸ்நாட்ச் ஸ்ட்ராப்னு ஒரு நைலான் பட்டை இருக்கு. ரப்பர் மாதிரி இழுபட்டு, அந்த விசையில மாட்டின வண்டியைச் சுண்டி இழுக்கும். ஒரு உண்டிவில் மாதிரி. அதைக் கொண்டுபோய், டிரெய்லர் மாட்டற அந்த இரும்பு உருண்டையில, டோ பால்ல, மாட்டிட்டாங்கன்னா, உருண்டை உடைஞ்சு தோட்டா மாதிரி பறந்து வரும். இந்த நாட்டுல இப்படி ஆட்கள் செத்திருக்காங்க. அதனாலதான் அந்தப் பட்டையில எச்சரிக்கை அச்சடிக்கணும்னு 2010-ல கட்டாய பாதுகாப்புத் தரம் கொண்டு வந்தாங்க. பட்டையோட வலு வண்டியோட மொத்த எடையைப் போல ரெண்டுலிருந்து மூணு மடங்கு இருக்கணும். சுத்தி நிக்கறவங்க பட்டை நீளத்துல ஒன்றரை மடங்கு தள்ளி நிக்கணும். 9 மீட்டர் பட்டைன்னா பதிமூணரை மீட்டர். நம்ம ஆளுங்க பிக்னிக் போனா, ஒரு வண்டி மாட்டினா பத்து பேர் சுத்தி நின்னு வீடியோ எடுப்போம். குழந்தைங்களும் நிக்கும். அதை நினைச்சுத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அதனால கேளுங்க: "ரெகவரி செஞ்சு காட்டுவீங்களா, இல்ல என் கையால செய்ய வைப்பீங்களா?" பட்டையை எங்க மாட்டணும், எங்க மாட்டக் கூடாது, முதல்ல மண்வெட்டியால மணலை ஒதுக்கி ட்ராக் பலகை வெச்சுப் பாக்கறது, எல்லாரையும் தள்ளி நிக்க வைக்கறது. இதை நீங்களே ஒரு தடவையாவது செய்யணும். ஸ்லைடு போட்டு முடிச்சிடற கோர்ஸ் அக்ரெடிடட்டா இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பேப்பர் தேவையே இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி, ஃபோர் வீல் டிரைவ் கிளப். ஒவ்வொரு மாநிலத்துலயும் கிளப்களும் அவங்களுக்கு ஒரு கூட்டமைப்பும் இருக்கு. பல கிளப்கள் உறுப்பினர்களுக்குப் பயிற்சி தர்றாங்க. இருபது, முப்பது வருஷமா அந்த மணல்ல ஓட்டின பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லித்தருவாங்க. ஒரே நாளோட முடியாது, அடுத்த டிரிப்லயும் கூட வருவாங்க. எங்க கூட்டத்துல நம்ம முகமே இல்லையேன்னு தயங்காதீங்க. போன் பண்ணுங்க, வரச் சொல்வாங்க.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு கடைசி எச்சரிக்கை. யூனிட் வாங்கினதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. யூனிட் தானா காலாவதி ஆகாது. ஆனா நிறைய சைட்ல அவங்களே மறுபடி உங்களை ஓட்டச் சொல்லிப் பார்ப்பாங்க, விஓசின்னு பேர். சில கம்பெனி குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்லும். அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி ஹெச்ஆருக்கு ஒரு வரி மெயில்: "எந்த யூனிட் கோடு, எந்தப் பதிப்பு ஏத்துக்குவீங்க?" பதில் வந்த அப்புறம் கோர்ஸைத் தேடுங்க.

போன்ல கேக்க வேண்டியதை மொத்தமா ஒரு தடவை சொல்லிடறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க. யூனிட் கோடு என்ன, யார் பேர்ல வரும்? ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? எந்தத் தரையில ஓட்டுவோம்? ரெகவரியை என் கையால செய்வேனா? எனக்கு வரலன்னா என்ன பண்ணுவீங்க?

பேப்பர் பத்தின கேள்வி ஆஸ்திரேலியாவுக்கு மட்டும்தான். சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ இருந்து கேக்கறவங்க, மிச்ச நாலு கேள்வியையும் அப்படியே எடுத்துக்கலாம். மணலுக்கு நாடு தெரியாது.

கோர்ஸ் போயிட்டு வந்தவங்க, உங்களுக்கு என்ன பதில் கிடைச்சுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல படிக்கறேன். பத்திரமா ஓட்டுங்க.