எங்கே வெட்டுவது?

உங்கள் வீட்டு முகவரியை எழுதிப் பாருங்கள். கதவு எண், ஒரு கமா. தெருப் பெயர், ஒரு கமா. பிறகு ஊர். இப்படிப் பல்லாயிரம் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பாகக் கிடக்கின்றன. அதைத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். ஒரு விவரம் எங்கே முடிகிறது என்று கணினிக்குத் தெரியாது. ஒரு குறியைக் காட்டி, 'இதைக் கண்டால் வெட்டு' என்று நாம்தான் சொல்ல வேண்டும். கமாவைக் காட்டினால் முகவரி மூன்று துண்டாகும். தெருப் பெயர் போய்த் தொலைபேசி எண்ணின் கட்டத்தில் உட்காரும்.

கமா உள்ள விவரத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைப்பது வழக்கம். உள்ளேயே மேற்கோள் வந்தால் அதை இருமுறை எழுத வேண்டும். இந்த வழக்கத்தை 2005-இல்தான் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் எழுதி வைத்தது. அதற்குள் ஆளுக்கொரு முறை வேரூன்றிவிட்டது. ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் கமாதான். அதனால் அங்கே எக்செல், கமாக் கோப்பு என்ற பெயரிலேயே அரைப்புள்ளி போட்டுத் தருகிறது!

இத்தனைக்கும், எழுத்துகளுக்கு எண் தர 1960களில் உருவான ஆஸ்கி குறியீட்டில் 28 முதல் 31 வரை நான்கு எண்கள் பிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. எந்த முகவரியிலும் அவை வராது. ஆனால் விசைப்பலகையில் அவற்றுக்குத் தனி விசை இல்லை, திரையிலும் தெரியாது. யார் சீண்டுவார்கள்?

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், வெட்டும் குறி, அதாவது பிரிப்பான், டேப் என்றே எடுத்துக்கொள்ளும். கமாக் கோப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் முழு வரியும் ஒரே விவரமாகிவிடும். போஸ்ட்கிரெஸில் பிரிப்பான் ஒரே பைட்டாக இருக்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட். ஆகவே நம் ஆய்த எழுத்துக்கு அந்த வேலை கிடைக்காது.

கட்டங்களைவிடத் துண்டுகள் அதிகமானால் போஸ்ட்கிரெஸ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். மைஎஸ்கியூஎல், கோப்பு நம் கணினியிலிருந்து போகும்போது, மிஞ்சியதை உதறிவிட்டு எச்சரிக்கை எண்ணிக்கையைக் கூட்டுவதோடு சரி. அந்த எண்ணிக்கையை யார் பார்க்கிறார்கள்? என் ஓட்டு முரண்டு பிடிக்கும் போஸ்ட்கிரெஸுக்கே.

மருத்துவமனைக் கணினிகள் பேசிக்கொள்ளும் எச்எல்7 செய்திகளில் இந்தக் குழப்பமே இல்லை. செய்தி எம்எஸ்எச் என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்கும். நான்காவதாக நிற்கும் குறி எதுவோ, அந்தச் செய்தி முழுமைக்கும் அதுவே பிரிப்பான். பெரும்பாலும் அது ஒரு செங்குத்துக் கோடு.