பிணத்துக்குப் பக்கத்தில் சந்தை



சாவுத் தீட்டு என்பது ஏதோ இயற்கை மாதிரி நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சுடுகாடு ஊருக்கு வெளியே, அதை ஒட்டி சேரி. இடைக்கால ஐரோப்பாவின் தேவாலய முற்றங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம்.

ரோமானியர்களும் பிணத்தை நகரத்துக்கு வெளியேதான் புதைத்தார்கள். அது அவர்கள் சட்டம். கிறிஸ்தவம் வந்தபின், புனிதர்களின் எலும்புக்குப் பக்கத்திலேயே படுக்கணும்னு ஆசைப்பட்டு, செத்தவங்க ஊருக்குள்ளே வந்துட்டாங்க. தேவாலய முற்றம் இடுகாடானது.

பாரிஸில் இன்னொசான் கல்லறைத் தோட்டம். பக்கத்திலேயே லே ஆல் பெருஞ்சந்தை. 1186இல் பிலிப் மன்னன் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினான். அதனால் ஜனம் வராமல் போய்விடவில்லை. சுவரை ஒட்டி வளைவு மண்டபங்கள். மேலே தோண்டியெடுத்த எலும்புகள் குவியல் குவியலாக. பின்னாளில் அதற்குக் கீழேயே துணிக்கடை, எழுதத் தெரியாதவங்களுக்குக் கடுதாசி எழுதித் தருகிறவர்கள். 1424-25இல் அந்தச் சுவரில் சாவின் நடனத்தைத் தீட்டினார்கள். போப்பாண்டவர், பேரரசன், குடியானவன் எல்லாரையும் பிணங்கள் கைபிடித்து ஆட்டத்துக்கு இழுக்கின்றன.

உயிரோடிருந்தவர்களும் கல்லறைகளில் ஆடினார்கள். 1231இல் ரூவான் நகரில் கூடிய திருச்சபை மன்றம் அதைத் தடுத்தது. 1285இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் சட்டம் தேவாலய முற்றத்தில் சந்தை கூடாது என்றது. தடை போட்டாங்கன்னா நடந்துகிட்டிருந்ததுன்னுதானே அர்த்தம்? லண்டனில் மணியடித்தால் நகரத்தார் கூடியது புனித பவுல் தேவாலய முற்றத்தில்தான்.

தீட்டு இல்லை, சரி. ஆனால் புறம்பானவர்கள் அங்கேயும் இருந்தார்கள். தற்கொலை செய்தவனுக்கும் ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுவுக்கும் அந்த மண் கிடையாது. லண்டனுக்கு எதிர்க்கரையில் சதர்க். அங்கே விடுதிகளில் உடலை விற்றுப் பிழைத்த பெண்களுக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது, தேவாலயத்துக்குத் தொலைவில் தனி நிலம் ஒதுக்கப்பட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக ஜான் ஸ்டோ 1598இல் எழுதுகிறார். அந்த விடுதிகள் வின்செஸ்டர் ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அவற்றின் மீது போட்ட அபராதம் போய்ச் சேர்ந்தது அவருடைய நீதிமன்றத்துக்கு. நான் வங்கியில் வரவு எழுதுகிறவன், இது கண்ணில் படாமல் போகுமா? அவள் காசு உள்ளே வரலாம், அவள் பிணம் வரக்கூடாது.

நம்ம பக்கம் ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கியவர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே குறுக்குச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. பிலிப்பின் சுவர் பிணத்துக்கும் சந்தைக்கும் நடுவே. இது பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே. காணிக்கைத் தட்டு மட்டும் இரண்டு பக்கமும் வருது.

அந்தச் சுவரை இடிக்கப் போனவர்களில் ஒரு தோழர் இங்கே இருக்கிறார். அவர் பேசட்டும்.