ஒவ்வோர் உயிரும் ஒரே கணக்கு

 

ஒரு செயல் நல்லதா, கெட்டதா என்று எப்படி அறிவது? அதனால் எல்லோருக்கும் விளையும் இன்பத்தையும் துன்பத்தையும் எடைபோட்டுப் பாருங்கள் என்றார் ஜெரமி பெந்தாம். அந்த நூல் 1789-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பின்னர் ஜான் ஸ்டூவர்ட் மில் அதை விரித்துரைத்தார். இதுவே பயன்பாட்டுவாதம்.

இதன் பலம் இரண்டு. நல்லெண்ணத்தோடு நிற்காமல் விளைவைக் கேட்கிறது. ஏழை, செல்வந்தர், நம்மவர், பிறர் என்று பிரிக்காமல் எல்லோரையும் சமமாக எண்ணுகிறது.

2024 ஜூன் மாதம் நம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. விற்றவரின் லாபம் ஒரு தட்டில்; தகப்பனை இழந்த பிள்ளைகள் மறு தட்டில். "குடித்தவன் தலைவிதி" என்று ஒதுங்கினால், அந்தப் பிள்ளைகளைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுகிறோம்.

பலருக்கு நன்மை என்று சொல்லி ஒருவருக்கு அநீதி செய்யவும் கூடாது. தராசுக்கு நீதியும் வேண்டும்.

நம் பொது உதவி நிதிக்கும் இதே கேள்விதான். மேடை அலங்காரத்துக்கு ஆகும் பணத்தில் எத்தனை பிள்ளைகளின் கட்டணம் அடையும்? உதவி கேட்டு வருபவர் எந்தத் தெரு என்று பாராமல், கல்வராயன் மலையிலிருந்து வந்தாலும், யாருக்குத் துன்பம் அதிகம் என்று பார்ப்போம்.